மூணு கிளாஸ் அதிமதுரம்

பித்தளைத் தாளத்தின் சத்தம் முதலில் மீன் சந்தைப் பக்கமிருந்து வரும். டிராம் தண்டவாளத்தைத் தாண்டும்போது அறுந்துபோகும். மறுபடி அது எங்கள் சந்தின் முனையில் கேட்கும்போது நான் மூன்றாம் மாடிப் பால்கனியில் கூடையும் கயிறுமாக நின்றுகொண்டிருப்பேன். இடையில் நடந்தது எதுவும் நினைவிருக்காது. கையிலிருந்த தட்டை எங்கே வைத்தேன், காலில் செருப்பு இருக்கிறதா, அம்மா என்ன சொல்லிக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாது.

"குணமாகும், குணமாகும், அதிமதுரத் தண்ணி" என்று கூவிக்கொண்டு சுப்ஹி வருவான். குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி, மார்பில் பட்டையால் கட்டிய பெரிய கண்ணாடிக் குடம், வலது கையில் தாளம். குடத்தைத் தோளால் சாய்த்து, இடது கையிலுள்ள கிளாஸை முழங்கால் வரை இறக்கி, அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவான். கறுப்பாக இறங்கும் தண்ணீர் கிளாஸில் பழுப்பு நுரையாகப் பொங்கும். நான் கூடையை இறக்குவேன், அவன் கிளாஸை வைப்பான், நான் இழுப்பேன். குடித்துவிட்டு வெறும் கிளாஸை இறக்குவேன். மறுபடி வைப்பான். மறுபடி இழுப்பேன்.

முதல் நாள் மூன்றாவது முறை கூடை இறங்கியபோது அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அந்தக் கசப்பும் இனிப்பும் கலந்த தண்ணீரை ஒரு கிளாஸ் குடித்தும் முகத்தைச் சுளிக்காத பெண்ணை அவன் பார்த்ததில்லையாம். அன்றிலிருந்து என் பெயர் தஹானி என்பது அவனுக்கு மறந்துபோனது.

"மூணு கிளாஸ், இன்னைக்கு எப்படி இருக்க?" என்பான் கீழேயிருந்து.

"நுரை பத்தல" என்பேன் மேலேயிருந்து. எங்கள் காதல் பேச்சு இவ்வளவுதான். ஆனால் சந்து முழுவதும் கேட்கும்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் நான் கரைந்துகொண்டிருந்தேன். மன்ஷியா சதுக்கத்தருகில் என் மாமா ரஷ்வான் நடத்தும் போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. அலெக்ஸாந்திரியாவின் மணப்பெண்களையெல்லாம் கம்ப்யூட்டரில் இரண்டு சுற்று வெளுக்க வைப்பதுதான் என் பொறுப்பு. அவர்களை வெளுக்க வைத்துக்கொண்டே நான் கறுத்துக்கொண்டிருந்தேன். விரல் மூட்டுகள், முழங்கை, வாட்ச் பட்டை உரசும் இடம் எல்லாம் ஒட்டுமொத்தக் கோடையையும் கடற்கரையில் கழித்தவளைப் போல. ஜனவரி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் எந்தக் கடற்கரைக்கு, யாரோடு போய் வருகிறாய் என்று அம்மா பத்து விதமாகக் கேட்டாள்.

எனக்கு அடுப்படியில் உப்பு ஜாடியோடுதான் உறவு. உள்ளங்கையில் உப்பைக் கொட்டி நக்குவேன். வீட்டுக்குக் கீழே இருக்கும் ஊறுகாய்க் கடையில் டர்னிப்பும் கேரட்டும் எலுமிச்சையும் ஊறுகிற தண்ணீரை வாங்கி மடக் மடக்கென்று குடிப்பேன். வசந்தப் பண்டிகைக்கு வீட்டுக்கு வாங்கிய உப்பில் ஊறிய மடவை மீனை நான் ஒருத்தியே தின்று முடித்தேன். காலையில் வாந்தி. எழுந்து நின்றால் அறை சுற்றும். இவற்றையெல்லாம் எதிர் வீட்டு ஃபாயிஸா அக்கா கூட்டிப் பார்த்து, ஒரு மதியம் அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு ஒரு வாரம் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, வயிற்றைப் பார்த்துத்தான் பேசினாள். வயிறு நாளுக்கு நாள் உள்ளேதான் போனது. அதனால் சந்தேகத்தை விட்டுவிட்டு, கண் பட்டிருக்கிறது என்று சாம்பிராணி போட்டாள்.

அப்புறம் வெயில் வந்தது, வெயிலோடு சுப்ஹி வந்தான். தினமும் மூன்று கிளாஸ். சில நாட்களில் நான் மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதை நிறுத்தினேன். இன்னும் சில நாட்களில் பாடிக்கொண்டே ஏறினேன். அறை சுற்றவில்லை. சுற்றியது நான்தான், துணி உலர்த்தும் கயிறுகளுக்கு நடுவே, ஈரப் போர்வையைக் கட்டிக்கொண்டு. காதல் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். புத்தகங்களில் காதலித்தவர்கள் இளைத்துப்போனார்கள், எனக்கு மட்டும் எடை கூடியது. என் காதல் மற்றவர்களுடையதைவிட நல்ல ஜாதி என்று பெருமையாகக்கூட இருந்தது.

சுப்ஹி பெண் கேட்டபோது, தாளம் தட்டித் தெருவில் நடக்கிறவனுக்கா என் பெண்ணைக் கொடுப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவன் சளைக்கவில்லை. தன் அப்பாவை அழைத்து வருகிறேன் என்று சோஹாக் பக்கத்துக் கிராமத்துக்கு ரயிலேறினான். நெடுங்காலம் அலெக்ஸாந்திரியாவில் இதே குடத்தைச் சுமந்து, முதுகு கூனியதும் ஊருக்குத் திரும்பிவிட்டவர் அவர். அங்கே அறுவடை, அப்புறம் ஒரு சாவு, அப்புறம் ஒரு கல்யாணம் என்று அவன் வருவது தள்ளிக்கொண்டே போனது.

அவன் போன மறுநாளே வேறொருவன் எங்கள் சந்தில் தாளம் தட்டிக்கொண்டு வந்தான். அதே அதிமதுரம், அதே நுரை. நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவனிடம் வாங்கிக் குடிப்பது சுப்ஹிக்குச் செய்யும் துரோகம் என்று பட்டது. அந்த விசுவாசம் என்னைக் கிட்டத்தட்டக் கொன்றது.

முதலில் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு படிக்கட்டு நீண்டது. பிறகு பாட்டு நின்றது. உப்பு ஜாடி மறுபடி என் அறைக்கு வந்தது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. ஃபாயிஸா அக்கா வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முகவாயில் கை வைத்து, இப்படி ஒரு காதலை நான் டிவியில்கூடப் பார்த்ததில்லை என்று மனம் உருகினாள். பார்க்கப் பார்க்க அம்மாவும் உருகினாள். ஒரு சாயங்காலம் போனை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அவனை வரச் சொல்லுடி. அவன் அப்பாவையும் கூட்டிட்டு வியாழக்கிழமை வரச் சொல்லு. ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம். நீ செத்துப் போயிட்டா அப்புறம் எந்த மாப்பிள்ளை வந்து என்ன?"

மறுநாள் ஸ்டூடியோவில், ஒரு மணப்பெண்ணின் முக்காட்டைச் சரிசெய்யக் குனிந்து நிமிர்ந்தேன். விளக்குகள் எல்லாம் மெல்லத் தள்ளிப் போயின. மணப்பெண்ணின் வெள்ளைப் பாவாடை மேல் நான் விழுந்ததை மாமா பிறகு பலரிடம் சொன்னார். பாவாடை மிருதுவாக இருந்ததால் அடிபடவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் மனார் என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். தூங்காத கண், காதுக்குப் பின்னால் பேனா. என் கையை விரிக்கச் சொல்லி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். கைரேகை பார்க்கிறாள், சுப்ஹி எப்போது வருவான் என்று சொல்லப்போகிறாள் என்று மயக்கத்தில் நினைத்தேன். உள்ளங்கைக் கோடுகள் மை தடவியதுபோலக் கறுத்திருந்தன. உதட்டை விலக்கி ஈறுகளைப் பார்த்தாள். படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தாள். நின்றதும் அது சரிந்தது.

"டாக்டர், இது காதல்தான். வேற ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. "பையன் ஊர்ல இல்ல. அதான்."

"காதல்ல ஈறு கறுக்காதும்மா" என்றாள் டாக்டர் மனார்.

ரத்தம் எடுத்தாள். முடிவு வரக் காத்திருக்கவில்லை. நரம்பில் ஊசியைக் குத்தி, உப்புத் தண்ணீரையும் அதோடு ஒரு மருந்தையும் ஏற்றிவிட்டாள். அன்று சாயங்காலம் நான் எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் காலை கண் விழித்தபோது உலகத்தை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னலில் ஒரு புறா. அவ்வளவு அழகான புறா அதற்கு முன் இருந்ததில்லை. தரை துடைக்கும் அம்மாளின் கையைப் பிடித்து அவள் துடைக்கும் விதம் ஒரு நடனம் என்று சொன்னேன். அவித்த மொச்சை மசியலும் ரொட்டியும் வந்தது. கண்ணில் நீர் வரத் தின்றேன். அதைக் கொண்டுவந்த மீசைக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அவர் போனதும் பக்கத்துக் கட்டில்காரியின் தம்பியைப் பற்றியும் அப்படியே தோன்றியது.

டாக்டர் மனார் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் அவளையும் காதலித்துக்கொண்டிருந்தேன்.

சிறுநீரகங்கள் இரண்டின் தலையிலும் ஆளுக்கொரு தொப்பி போல ஒரு சிறிய சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம். அட்ரினல் என்று பெயர். எல்லோரும் திட்டுகிற கொலஸ்ட்ராலை எடுத்து, அங்கே கொஞ்சம் வெட்டி, இங்கே கொஞ்சம் ஒட்டி, அது பல விதமான ஹார்மோன்களைச் செய்கிறது. அந்தச் சுரப்பியின் மேலடுக்கு செய்வது உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிறது. அதற்கு அடுத்த அடுக்கு செய்வதற்குக் கார்டிசோல் என்று பெயர். விடியும் முன்பே அது ஊற ஆரம்பித்துவிடும், நோன்பு மாதத்தில் மேளம் தட்டி எழுப்புகிறவரைப் போல. மனிதன் படுக்கையிலிருந்து எழுவதே அதனால்தான். காய்ச்சலோ பயமோ வந்தால் அது கூடும். எவ்வளவு தேவை என்று மேலேயிருந்து மூளை சொல்லும்.

"உங்க வீட்ல கூடை இருக்கா?" என்றாள்.

"இருக்கு. மூணாம் மாடி."

"அப்ப உனக்குச் சொல்றது சுலபம். மேல இருந்து வீட்டுக்காரி கூடையை இறக்கி, கீழ இருக்கிற கடைக்காரனைக் கூப்பிடுறா. அவன் சாமானை வைக்கிறான். கூடை மேல வந்ததும் அவ வாயை மூடிக்கிறா. தீர்ந்ததும் மறுபடி கூப்பிடுறா. மூளையும் அந்தச் சுரப்பியும் இப்படித்தான். இப்ப கடை பாதி மூடிக் கிடக்கு. கூடை காலியா வருது. அவ என்ன பண்ணுவா?"

"கத்துவா."

"கத்திக்கிட்டே இருப்பா. அந்தக் கத்தல்தான் உன் தோல்ல கறுப்பா எழுதியிருக்கு."

கடையை யார் மூடினார்கள் என்று கேட்டேன். என் உடம்பின் சொந்தக் காவல்படையே அதை எதிரியின் கடை என்று தப்பாக நினைத்து அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கிறதாம். காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குப் புரியாத வேறொன்று இருந்தது. குளிர்காலத்திலேயே விழுந்திருக்க வேண்டியவள், கோடை முழுக்கப் படியேறிப் பாடியது எப்படி? என்ன சாப்பிட்டாய், என்ன குடித்தாய் என்று கேட்டாள். நான் சொன்னேன். காதிலிருந்த பேனாவை எடுத்தவள் அதைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மிச்சமிருந்த பாதிக் கடை கொஞ்சம் கார்டிசோலைச் சொட்டிக்கொண்டிருந்தது. சிறுநீரக வாசலில் ஒரு காவல்காரன் உண்டு. கார்டிசோல் வந்தால் அதன் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவதுதான் அவன் வேலை, அங்கே உப்பு விஷயத்தில் அது தலையிடக் கூடாது என்று. அதிமதுரம் அந்தக் காவல்காரனைத் தூங்க வைத்துவிடும். அவன் தூங்கினால், சொட்டிய கொஞ்சமும் உள்ளே புகுந்து உப்பைப் பிடித்துக்கொள்ளும். என்னை நிற்க வைத்தது அதுதான். ஒரு வாயிலோ ஒரு மணி நேரத்திலோ நடக்கிற காரியம் இல்லை அது. ஏறுவதற்கும் நாள் கணக்காகும், இறங்குவதற்கும் நாள் கணக்காகும். அதனால்தான் அவன் ஊருக்குப் போன உடனே நான் விழவில்லை.

எனக்கு ஜன்னலில் இருந்த புறா திடீரென்று வெறும் புறாவாகிவிட்டது.

"அப்ப நான் அவனைக் காதலிக்கல" என்றேன். "அவன் குடத்தைத்தான்."

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல" என்றாள் டாக்டர் மனார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள். ஆயுசுக்கும் மாத்திரை, காலையில் அதிகம், மதியம் குறைவு. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. ஒருபோதும் சட்டென்று நிறுத்தக் கூடாது. உப்பு எவ்வளவு வேண்டுமானாலும். அதிமதுரம் மட்டும் கூடாது, மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கூரையை முட்டும். "இன்னொண்ணு. இந்த மருந்து அதிகமா ஏறியிருக்கு. கொஞ்ச நாளைக்கு எல்லாமே அழகாத் தெரியும், எல்லார் மேலயும் ஆசை வரும். அது அடங்குற வரைக்கும் பெரிய முடிவு எதுவும் எடுக்காதே."

"வியாழக்கிழமை எனக்கு ஃபாத்திஹா ஓதறாங்க."

"எந்த வியாழன்?" என்றாள்.

அம்மா எனக்காக ஒரு வியாழனைத் தள்ளிவைத்தாள், சொந்தக்காரர் சாவு என்று பொய் சொல்லி. அதற்குமேல் தள்ள முடியாது. சுப்ஹியின் அப்பா ஹாஜியார் அத்வா சோஹாக்கிலிருந்து வந்து மகன் அறையில் முதுகுவலியோடு காத்திருந்தார். நோய் விஷயம் ஃபாத்திஹா முடியும் வரை வெளியே போகக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிற பெண் என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்றாள். அதனால் சுப்ஹிக்கு எதுவும் தெரியாது. நான் பால்கனிப் பக்கமே போகவில்லை. அவனும், நிச்சயத்துக்கு முன் சந்தில் வந்து நிற்பது மரியாதை இல்லை என்று அப்பா தடுத்ததால் வரவில்லை.

அந்த நாட்களில் மருந்தின் மயக்கம் ஒவ்வொன்றாகக் கழன்றது. ரொட்டி ரொட்டியானது. ஃபாயிஸா அக்கா ஃபாயிஸா அக்காவானாள். மீசைக்காரரின் மீசைகூட நினைவில்லை. மிச்சம் ஒரே ஒரு கேள்விதான். சுப்ஹியும் இப்படிக் கழன்று விழுந்துவிடுவானா? விழுந்துவிட்டால், வெறும் ஒரு ஆள் முன்னால் உட்கார்ந்து எப்படிச் சம்மதம் சொல்வது?

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில், தொப்பி இல்லாமல் சுப்ஹியை நான் அதுவரை பார்த்ததில்லை. அவனும் என்னை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மூன்று மாடி உயரம் இல்லாமல் எப்படிப் பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. என் இதயத்தைக் கவனித்துப் பார்த்தேன். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

மாமா ரஷ்வான் காமிராவோடு மூலையில் நின்றார். அம்மா ரோஜா சர்பத் தட்டை எடுக்க எழுந்தாள். ஹாஜியார் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். தங்கள் குடும்பத்தில் ரோஜாவெல்லாம் கிடையாது, தாத்தா காலத்திலிருந்து வேறு வழக்கம் என்றார். மாப்பிள்ளை தன் கையால் ஊற்றும் முதல் கிளாஸைப் பெண் குடித்த பிறகுதான் ஓதுவார்கள். பெண் கிளாஸைக் கீழே வைத்தால், சலாம் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள், வருத்தம் ஒன்றும் இல்லை. சுப்ஹி தான் கொண்டுவந்ததை மூடியிருந்த துணியை விலக்கினான். கண்ணாடிக் குடம். உள்ளே கறுப்பாக அதிமதுரம்.

அவன் நின்றுகொண்டு, குடத்தைச் சாய்த்து, முழங்கால் உயரத்திலிருந்த கிளாஸில் ஊற்றினான். நுரை பொங்கியது. பெரிய கிளாஸ்.

"மூணு கிளாஸையும் ஒரே கிளாஸ்ல ஊத்திருக்கேன்" என்றான் மெதுவாக.

ஒரு கிளாஸில் செத்துவிட மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் கண் என்னிடம் கெஞ்சியது. ஆனால் இன்று குடித்தால் நாளை அந்த வீட்டில் குடிக்க வேண்டும், மறுநாளும், ஒவ்வொரு பெருநாளுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பொய். நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

ஃபாயிஸா அக்கா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. ஹாஜியார் முழங்காலில் கை ஊன்றி எழ ஆரம்பித்தார். நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி, கூடை, பாதிக் கடை, தூங்கிப்போன காவல்காரன், மாத்திரை. வேகமாகச் சொன்னேன், நடுவில் நிறுத்தினால் அம்மா என் வாயைப் பொத்திவிடுவாள் என்று. ஸ்டூடியோவில் விழுந்ததையும் சொன்னேன்.

சுப்ஹி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மூணு கிளாஸ் குடிச்சது நீ இல்ல" என்றான். "உன் சுரப்பி."

"ஆமா."

"எந்தக் குடம் வந்திருந்தாலும் கூடை இறங்கியிருக்கும்."

"வேற குடம் வந்துச்சு. நான் இறக்கல. அதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

அவன் யோசித்தான். அது அவனுக்கு ஒரு பக்கம் பிடித்திருந்தது, ஒரு பக்கம் போதவில்லை. "அதுவும் பழக்க தோஷமா இருக்கலாம்ல. இப்ப என்னைப் பாத்தா என்ன தோணுது?"

பொய் சொல்ல வரவில்லை. "இஸ்திரி நல்லாப் போட்டிருக்கன்னு தோணுது" என்றேன்.

அம்மா தலையில் கை வைத்தாள். சுப்ஹியின் முகம் சிவந்தது. கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தொப்பியைப் பையிலிருந்து எடுத்துத் தலையில் வைத்தான். இடுப்பிலிருந்து தாளத்தை எடுத்தான்.

"சோதிச்சுப் பாத்துடலாம். நான் மீன் சந்தைக்குப் போறேன். அங்கிருந்து வர்றேன். குடம் வேண்டாம், வெறும் தாளம். இவ இங்கயே உக்காந்திருந்தா, அப்பா, நாம ராத்திரி ரயிலைப் பிடிச்சிடலாம்."

"டாக்டர் சொன்னாங்க, அதிமதுரம் வேலை செய்ய நாள் கணக்காகுமாம்" என்றேன் அவன் முதுகைப் பார்த்து. ஏன் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவன் படியிறங்கிவிட்டான்.

நேர்மையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சோபாவில் அம்மாவுக்கும் ஃபாயிஸா அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அக்கா, நான் வேண்டுமென்றே நடித்தால் பிடித்து உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மடி நிறையச் சர்பத் கிளாஸ்களை வைத்திருந்த அவள், பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஹாஜியார் கடிகாரத்தைப் பார்த்தார். மாமா லென்ஸைத் துடைத்தார். நான் என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். காலை மாத்திரை விழுங்கியாயிற்று. மதிய மாத்திரையும். அதிமதுரம் ஒரு சொட்டுக்கூட உள்ளே இல்லை, எப்போதோ வடிந்துபோயிற்று. இனி இந்த உடம்பில் எது நடந்தாலும் அது என்னுடையது.

மீன் சந்தைப் பக்கமிருந்து தாளத்தின் சத்தம் வந்தது.

டிராம் தண்டவாளத்தில் அறுந்துபோனது.

அப்புறம் பால்கனியில் காற்று அடித்தது. என் கையில் கயிறு. காலில் செருப்பு இல்லை. பின்னால் அறையில் கண்ணாடி உருண்டுகொண்டிருந்தது, ஃபாயிஸா அக்கா ரோஜா நிறத்தில் நனைந்து உட்கார்ந்திருந்தாள். "பிடிக்கிறதுக்குள்ள போயிட்டா" என்று யாரிடமோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தின் முனையில் குஞ்சம் ஆடியது. அவன் என்னைப் பார்த்ததும் தாளத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். ஒரு கிளாஸ் குடித்த பிறகா ஓடினேன்? முதல் நாளிலிருந்து இப்படித்தானே ஓடியிருக்கிறேன், சத்தம் தண்டவாளம் தாண்டும் முன்னே, வாயில் ஒரு சொட்டுப் படும் முன்னே. எந்தச் சுரப்பியும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. செய்தாலும் இருக்கட்டும்.

"மூணு கிளாஸ்" என்றான் கீழேயிருந்து. "எப்படி இருக்க?"

"நுரை பத்தல" என்று கூடையை இறக்கினேன்.

அவன் தன் வெறும் கைகளைப் பார்த்தான். எதை வைப்பது? பிறகு ஊறுகாய்க் கடைக்குள் நுழைந்தான்.

உள்ளே அம்மா கத்திக்கொண்டிருந்தாள். சர்பத் போனதற்கு, கம்பளம் போனதற்கு, நோயைச் சபையில் போட்டு உடைத்ததற்கு, இப்போது எதைக் குடித்து ஓதுவது என்று. அவள் குரல் எதிர் வீடு வரை போனது. நான் கயிற்றை இழுத்தேன். கூடை கனமாக வந்தது. டர்னிப் ஊறிய இளஞ்சிவப்புத் தண்ணீர், பெரிய பாட்டில் நிறைய, மேலே ஒரு எலுமிச்சை மிதந்துகொண்டிருந்தது.

ஹாஜியார் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். தாத்தா மன்னிப்பார் என்றார். மாமா காமிராவைத் தூக்கினார், இந்தப் படத்தில் யாரையும் வெளுக்க வைக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டே. நான் பாட்டிலை அம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு கிளாஸ்களைத் தேடப் போனாள்.